ராஜபாய்க்கு வாய் அதிகம்

சோற்றுப்பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போதே ராஜபாய் ஏச ஆரம்பித்துவிடுவாள். உப்புக் குறைந்ததற்குத் தன்னையே, நிறுத்தாமல் போன பஸ்சுக்காக டிரைவரை, கக்கூசில் தண்ணீர் வராததற்கு மேனேஜர் ஜான்ரோசை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அண்டியாபீஸ். அங்கே முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் அத்தனை பேரின் கோபத்தையும் அவள் ஒருத்தியே பேசித் தீர்ப்பாள். "எனக்க சொத்தே இந்த வாயிதான் பிள்ளே." சபையில் போதகர் பொறுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

போன மழைக்காலத்தில் அந்த வாயே கொஞ்ச நாள் அடைத்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உடைத்த லீமாவின் கண்ணில் கொட்டையின் எண்ணெய் தெறித்தது. தோலையே பொசுக்கிவிடும் எண்ணெய். வலது கண் அவிந்துபோனது. வீட்டில் விறகு கீறும்போது பட்ட காயம் என்று சொல்லி, கம்பெனி அவளை வேலையிலிருந்து நிறுத்தியது. அதே மாதம் வாசலில் புதுப் பலகை: 'அறமே எங்கள் முதலீடு.' அதன் கீழே நடந்துதான் ராஜபாய் தினமும் வேலைக்குப் போனாள்.

இந்தக் கோடையில், பருப்பு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு பெண்ணை அனுப்பியது. தொழிலாளரை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கவாம். அன்று காலை எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் வந்தன.

"பத்திரமா வச்சுக்கிடுங்க," என்றான் ஜான்ரோஸ். "சாயங்காலம் திருப்பித் தரணும்."

வந்தவள் ராஜபாயின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இங்கே யாருக்காவது அடிபட்டதுண்டா என்று ஜான்ரோஸ் மூலம் கேட்டாள். ராஜபாய் மூச்சுவிடாமல் சொன்னாள். லீமா அலறியதை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆபீஸ் வண்டியைத் தர மறுத்ததை, விறகுக் கதையை. ஜான்ரோஸ் சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னான். வந்தவள் தலையாட்டினாள்.

"சாரே, நான் இத்தற சொன்னதுக்கு ஒமக்க இங்கிலீஷ் அவ்வளவுதானா?"

"அவியளுக்கு நேரமில்ல ராஜபாய். நீ வேலையப் பாரு."

"லீமாக்க பேரு அதுல வரல்லியே. பேருக்குமா இங்கிலீஷ் வேணும்?"



ராஜபாய் எழுந்து, வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா பிள்ளே. லீமாக்க வீடு இந்த மதிலுக்குப் பொறத்ததான்." ஜான்ரோஸ் குறுக்கே வந்து நின்றான். மற்றொரு கையை அவன் நெஞ்சில் வைத்து ஒதுக்கிவிட்டு, அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய் கேட்டைத் திறந்தாள்.