வெறும் டீ

கிருத்திகை விரதத்தன்று காசியம்மாள் அக்காவைக் கேட்டால், பல்லில் பச்சைத்தண்ணீர்கூடப் படவில்லை என்பாள். அதற்குள் இரண்டு மூன்று டீ உள்ளே போயிருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதைக் கேலி செய்யமாட்டோம். டீ விரதத்தைக் கெடுக்காது, சாப்பாட்டிலும் சேராது. தியாகதுருகம் பக்கம் அடுத்தவர் கரும்புக் கொல்லையில் களை எடுக்கிற எங்களுக்கு, விடிந்ததும் உடம்பை எழுப்பி நிறுத்துவது அதுதான்.

சர்க்கரை நோய் வந்தபின் அக்கா இனிப்பை விட்டாள், பழத்தை விட்டாள், சோற்றைக் குறைத்தாள். டீயை மட்டும் விடவில்லை.

"அதையும் நிறுத்திட்டா எதப் புடிச்சிக்கினு எழுந்து நிக்கறது?" என்பாள்.

மாதாமாதம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுப்பாள். வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு போவாள். சாப்பிட்டாயா என்றால் இல்லை என்பாள். அது பொய்யும் இல்லை. சர்க்கரை ஏறியிருக்கும். வாயைக் கட்டச் சொல்லித் திட்டி, மாத்திரையைக் கூட்டுவார்கள். இவள் மிச்சமிருந்த சோற்றையும் குறைப்பாள். இப்படியே இரண்டு வருஷம். ஆள் பாதியாகிவிட்டாள்.

மாசி மாதம் ஒருநாள் கொல்லையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே சாய்ந்தாள். உட்காரவைத்து டீ கொடுத்ததும் கொஞ்சம் தெளிந்தாள். மேஸ்திரி வீரமுத்து பயந்துபோனார்.

"உனுக்கு எதனா ஆயிட்டா நான் இன்னா பதில் சொல்றது? சக்கர அடங்கட்டும், அப்பறம் வா."

புருஷன் பொன்னுரங்கத்துக்கு இடுப்பு விழுந்து வருஷக்கணக்காகிறது. இவள் கூலி நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். நர்ஸம்மா கேட்டார், "வெறும் வயிறுதான?"

"வெறும் வயிறுதாங்க. வெறும் டீதான்."

ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "எப்பவும் டீ குடிச்சிட்டா வருவ?"

"டீதானங்க. அது இன்னா சாப்பாடா?"

"பாலும் சக்கரையும் உள்ள போனா ரத்தத்துல ஏறாதாம்மா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவள் மேலா, இத்தனை நாள் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டவர்கள் மேலா, தெரியவில்லை.

மறுநாள் எதுவும் குடிக்காமல் என்னோடு போனாள். சர்க்கரை பயந்த அளவுக்கு இல்லை. கொல்லையில் சாய்ந்தது சர்க்கரை ஏறி இல்லை, மாத்திரை கூடிப்போய் இறங்கினதால்தான் என்று டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். வேலைக்குப் போகலாம், பட்டினியோடு போகக்கூடாது, டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார்.

வெளியே கடையில் சர்க்கரை போடாத டீ வாங்கிக் கொடுத்தேன். அக்கா குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷம் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

"ஏண்டி, டீயும் சாப்பாட்டுலதான் சேத்தியா?"

"அப்டித்தான் சொல்றாங்கக்கா."

"அப்ப நான் ஒருநாளும் பட்டினி கெடந்ததில்லன்னு சொல்லு."