முடுக்கை அடைத்தவருக்கு நான் வரைந்த வீடு

வீட்டு பிளான் வரைவது என் தொழில். மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே, பெருஞ்சாலை ஓரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை. மற்றவர்கள் எங்கே தூங்கவேண்டும், எங்கே பல் தேய்க்கவேண்டும் என்று இருபது வருடமாக நான்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலை வைத்து நான் ஒருவரைப் பழிவாங்கியதைத்தான் எழுதப்போகிறேன். என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு முடுக்கு தொடங்கியது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒண்டி வழிவிட வேண்டும், அவ்வளவுதான் அகலம். அதன் மறுமுனையில் அம்மாவின் தங்கை, என் சித்தி வீடு. நாலு மணி ஆனால் அம்மா முடுக்கு வழியாகப் போய்விடுவாள். பால் விடாத ஒரு கட்டன்சாயா, கொஞ்சம் ஊர்வம்பு, திரும்பும்போது கையில் முருங்கையிலையோ கிண்ணத்தில் மீன்குழம்போ இருக்கும். அப்பா போனபிறகு அவளுக்கு மிச்சமிருந்த உலகம் அதுதான். அது அவளுக்குப் போதுமானதாகவும் இருந்தது.

வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் முடுக்கின் இரண்டு பக்கத்து மனைகளையும் வாங்கினார். நான் மாமா என்று கூப்பிடுகிற ஆள்தான். ஒரே வாரத்தில் இரண்டு முனையிலும் சுவர் எழும்பியது. சர்வே படத்தில் முடுக்கு இல்லை என்றார்கள். ஊரே நடந்து நடந்து தேய்ந்த வழி காகிதத்தில் ஒரு கோடாகக்கூட இல்லை. வயசான பெண்பிள்ளை நடக்கிற வழி என்று கெஞ்சிப் பார்த்தேன். ரோட்டு வழியாகப் போகலாமே என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் புரட்டினார்.

ரோட்டு வழி என்றால் பெருஞ்சாலையில் இறங்கி, ஜங்ஷன்வரை போய், அடுத்த தெருவில் ஏறவேண்டும். காரில் போகிறவனுக்கு அது ஒரு தூரமே இல்லை. நடக்கிறவளுக்கு ரோட்டோர வெள்ளைக்கோட்டுக்கும் சாக்கடை ஓடைக்கும் நடுவே ஒரு முழ இடம்தான் உண்டு, அதிலும் பைக்கை நிறுத்தி வைத்திருப்பார்கள். அம்மா இரண்டு தடவை போனாள். இரண்டாவது தடவை கல்லேற்றிய லாரி ஒன்று உரசுகிற மாதிரி வர, ஒதுங்கப்போய் ஓடைக்குள் விழுந்து கால்முட்டு பெயர்ந்தது. அதோடு நடை நின்றது; சித்தியும் ரோட்டில் இறங்கப் பயந்தாள். அதன்பின் மூன்று வருடம் அக்காவும் தங்கையும் கூப்பிடுதூரத்தில் இருந்துகொண்டு போனில் பேசினார்கள். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, கட்டிலே கதி என்று ஆனது. அம்மா இறந்தபோது சர்க்கரை நோய் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். நான் என் மனசில் வேறு பெயர் எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த மனுஷன் என் மாடிப்படி ஏறி வந்தார். இரண்டு மனையையும் சேர்த்து ஒரே வீடாகக் கட்டப்போகிறாராம். உள்ளூர்க்காரன் நீ இருக்க, வேறு ஆள் எதற்கு என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி வந்து உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் வாசலில் சிலுவை வைத்த வீட்டுக்காரனும் வாஸ்து பார்ப்பான். காற்றோட்டம் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்வான், அதுதான் வித்தியாசம். அடுக்களையை ஒட்டியே படுக்கையறை வேண்டும், முட்டுவலிக்குச் சௌகரியம் என்று அவர் கேட்டார். நான் முகத்தைச் சுளித்தேன். அடுக்களை அக்கினிமூலையில், படுக்கை கன்னிமூலையில். இரண்டுக்கும் நடுவே நேர்வழி வைத்தால் குடும்பத்தலைவரின் ஆயுசுக்குக் கேடு என்று வாய்கூசாமல் புளுகினேன். மனுஷன் பயந்துபோனார்.

நடுவில் ஒரு முழுச்சுவர் வைத்தேன். அடுக்களைக்குப் போக ஹாலைக் கடந்து, சாப்பாட்டு அறையைச் சுற்றி, ஸ்டோர் ரூமைத் தாண்டிப் போகவேண்டும். ஒவ்வொரு கோடு போடும்போதும் அவர் கால்முட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ரசித்து நான் எந்த பிளானும் வரைந்ததில்லை. புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய் வயிறுமுட்டச் சாப்பிட்டேன். வந்தவர்கள் எல்லாம் வீடு அரண்மனை மாதிரி இருக்கிறது என்றார்கள். நடந்து பாருங்கள், தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து கார் ஷெட் போடவேண்டும் என்று கூப்பிட்டார். ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தார், முன்னைவிடச் சதைபோட்டு, தெம்பாக. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உள்ளே பார்த்துச் சாயா கேட்டார். வெகுநேரம் கழித்து மாமி வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் போனதும், இவர் மாத்திரை வேண்டும் என்றார். அதைக் கொண்டுவந்ததும் தண்ணீர் வேண்டும் என்றார். சாயா ஆறிப்போயிருந்தது.

அளவெடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனேன். மாமி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் டேப்பை விரித்தேன். அவரே பேசினார்.

"உங்கம்மைக்க வழிய அவரு அடச்சாரு. அந்தக் கோவத்துலதான் நீ இப்பிடி வரைஞ்சிருக்கன்னு பாலுகாய்ச்சு அன்னைக்கே எனக்குத் தெரியும் மக்கா. அவரு ஒருநாளாவது அடுக்களைக்கு வந்ததுண்டா? நீ எனக்க காலைத்தான அளந்து வச்சிருக்க."

என் அம்மாவும் அப்பாவுக்கு உட்கார்ந்த இடத்தில்தான் சாயா கொண்டுபோய்க் கொடுத்தாள். என் மனைவியும் எனக்கு அப்படித்தான் கொடுக்கிறாள். ஒரு வீட்டுக்குள் நடப்பது யார் என்று இருபது வருடம் பிளான் வரைந்த எனக்குத் தோன்றவில்லை.

ஹாலுக்கு வந்து, அந்த நடுச்சுவரில் ஒரு கதவு வைத்துத் தருகிறேன், ஒரு நாள் வேலை, என் கைக்காசு என்றேன்.

"ஆயுசுக்குக் கேடுன்னு நீதான டே சொன்ன?"

"பொய் சொன்னேன் மாமா. நீங்க முடுக்க அடச்சியளே, அதுக்குத்தான்."

கத்துவார், அடிக்கக் கை ஓங்குவார் என்று நின்றேன். அதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

"எந்த முடுக்கு?"

அவர் உட்கார்ந்திருந்த சோபா அதன்மேல்தான் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, அவர் உள்ளே பார்த்து எனக்கு இன்னொரு சாயா கொண்டுவரச் சொன்னார்.