மாடி அக்காவின் முதுகு அளவு

மாடி அக்காவின் தையல் மிஷின் ஓடுகிறதா, நிற்கிறதா என்று இந்தக் கட்டடத்தில் முதலில் தெரிவது எனக்குத்தான். என் சமையலறைக்கு நேர் மேலே கிடக்கிறது அந்தக் கால் மிஷின். அவள் மிதித்தால் என் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். கல்யாணமாகி வந்த புதிதில், "தலைக்கு மேல ரயில் ஓடுது, இதுல எப்படிக் குடித்தனம் பண்றது?" என்று மாமியாரிடம் புலம்பித் தீர்த்திருக்கிறேன். இப்போது அந்தச் சத்தம் இல்லையென்றால் எனக்கு வெங்காயம் நறுக்கக்கூடக் கை வருவதில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சொல்லி, கடைசியில் கேட்பவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். சின்ன வயதில் ஒரு துணிக் கம்பெனியில் சேர்ந்து, வருஷக்கணக்கில் சட்டைக் காலர் மட்டும் தைத்தாள். "மனுஷனுக்குக் கழுத்துக்குக் கீழ உடம்பு இருக்குங்கறதே எனக்கு மறந்துபோச்சு" என்பாள். கம்பெனியை மூடியதும் மிஷின் வாங்கி வீட்டோடு உட்கார்ந்தாள். சொந்தமென்று இருந்தது அடுத்த தெருவில் குடியிருந்த, அவளோடு கூடப்பிறந்த மூத்தவளும் அவள் மகளும்தான். மூத்தவள் வந்தால் அக்காவும் அவளும் ஒருத்திக்கு ஒருத்தி அளவெடுத்து, மாற்றி மாற்றிப் பிளவுஸ் தைத்துக்கொள்வார்கள். இடுப்பு அளவைப் பற்றி இவர்கள் அடிக்கும் கிண்டல் எங்கள் வீடு வரை கேட்கும். போன வருஷம் ஒரு காய்ச்சலில் மூத்தவள் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு அக்காவுக்குப் பேச்சுத் துணை மிஷின்தான். சனிக்கிழமை சாயங்காலமானால் அதற்குக் குளியல். எங்கள் வீட்டில் பிள்ளைகளைக்கூட யாரும் அவ்வளவு அக்கறையாகத் தேய்த்ததில்லை. சக்கரத்து வாரைக் கழற்றுவாள். நூலை உருவி, ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைத் திறந்து, பல்லிடுக்கில் அடைந்திருக்கும் பஞ்சைப் பிரஷ்ஷால் தள்ளுவாள். அடிநூல் சுற்றும் பாபினை எடுத்து ஊதுவாள். ஒவ்வொரு துளையிலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். "ஊத்தினா வாந்தி எடுக்கும். துணியெல்லாம் பாழ்" என்று எனக்கும் பாடம். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி, பழந்துணி ஒன்றைக் கொடுத்து, கறை படுவது நிற்கிற வரைக்கும் ஓட்டிவிட்டுத்தான் மூடி போடுவாள்.

இப்படி இருக்கையில் மூத்தவளின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் மாடியேறி வந்து, "அம்மா உக்கார வேண்டிய எடத்துல நீங்கதான் உக்காரணும் சித்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். அக்கா மறுநாளே பச்சைப் பட்டுத் துணி எடுத்து வந்து என்னிடம் காட்டினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு மிஷின் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நறுக்கியதை நறுக்கியபடி போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

அக்கா நன்றாகத்தான் இருந்தாள். மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை அக்கா. சனிக்கிழமை குளியல் செவ்வாய்க்கு வந்துடுச்சா?"

"தூசி அடையுது" என்றாள், திரும்பாமல்.

தூசியாவது மண்ணாவது. மிஷின் பளபளவென்று இருந்தது. எண்ணெய் வழிந்து கால் பலகை வரைக்கும் வந்திருந்தது. பச்சைப் பட்டு ஓரமாக மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது. கத்தரி வைக்கப் பயந்துகொண்டு, அவள் மூன்று நாளாக மிஷினைத் துடைத்துத் தள்ளியிருக்கிறாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. "அடுப்புல பால் இருக்கு. சுத்தி வளைக்காம சொல்லுங்க, என்ன ஆச்சு?"

அவள் எழுந்து முதுகைக் காட்டினாள். பிளவுஸ் முதுகில் தொளதொளவென்று தொங்கியது. ஒரு வருஷத்தில் பாதி ஆளாகியிருந்தாள். தினமும் பார்க்கிறேன், எனக்கு உறைக்கவே இல்லை.

"அளவு பிளவுஸ் எதுவும் இப்ப சேரல. முன்பக்கம் நானே அளந்துக்குவேன். முதுக யார் அளக்கறது? கண்ணாடி வச்சுப் பாத்தேன். டேப்பைச் செவுத்துல ஒட்டிச் சாஞ்சுகூடப் பாத்தேன்." அவள் பிரஷ்ஷை மறுபடி கையில் எடுத்தாள். "மொத வரிசையில உக்கார வைப்பாங்க. பின்னாடி இருக்கற அத்தன பேரும் என் முதுகத்தான் பாப்பாங்க. பாத்ததுமே தெரிஞ்சுடும், இவளுக்கு ஆள் இல்லன்னு."

"ஒரு தையக்கடைக்குப் போயிருக்கலாமே?"

"நானா? அளவு கொடுக்கவா?" என்று முறைத்தாள்.

"சரி, என்னக் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"உனக்கே வேல தலைக்கு மேல கெடக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்தக் கட்டடத்தில் அவள் கை படாத முதுகு எது? எங்களையெல்லாம் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்னலை ஒதுக்கி, "மூச்ச இழுத்துப் பிடிக்காத, பொய் அளவு வரும்" என்று அதட்டி அளப்பாள். அவள் முதுகை ஒருத்தர் தொட்டு ஒரு வருஷமாகிறது. அது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

"டேப்பைக் கொடுங்க" என்றேன்.

தோளில் டேப்பை வைத்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். விரலுக்கு எலும்பு தட்டுப்பட்டது. வேண்டுமென்றே குரலை உயர்த்தி அளவுகளைச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் முணுமுணுத்து மனதில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மிஷின் முதலில் பழந்துணியில் ஓடியது, வழிந்த எண்ணெய் தீருகிற வரை. அப்புறம் சத்தம் மாறியது. என் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

மறுநாள் காலையில் மாடிப்படியிலிருந்து ஒரு கூப்பாடு. போனேன். பிளவுஸ் போட்டிருந்தாள், கொக்கி எட்டவே இல்லை. மூச்சு விட்டால் தையல் தெறிக்கும்.

"ஒழுங்காத்தான அளந்த?"

"அளந்தேனே! உங்க டேப்புல மொத அங்குலமே பிஞ்சு போயிருக்கு. அதுக்காக ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கழிச்சுத்தான் சொன்னேன்."

அக்கா என்னையே பார்த்தாள். "நீயும் கழிச்சியா?"

அந்த டேப்போடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், யார் எந்த அளவைச் சொன்னாலும் மனதுக்குள் ஒன்றைக் கழித்துவிடுவாள். நான் பெரிய கெட்டிக்காரி என்று அதற்கு முன்னாலேயே கழித்து வைத்திருக்கிறேன். அக்கா சிரித்தாள். நிற்க முடியாமல் மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூத்தவள் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. நல்லவேளை, தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தாள். பிரித்தாள். நான் திரும்ப அளந்தேன், இந்த முறை வாயை மூடிக்கொண்டு உள்ளதை உள்ளபடி.

கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கம் இல்லை. பச்சைப் பட்டு அப்படியே படிந்து கிடந்தது. கல்யாணப் பெண், தன்னைக் கட்டிக்கொண்டவனோடு வேறு ஊருக்குப் புறப்பட்டுப் போனாள். நாங்கள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம். நான் என் வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா மாடியேறிப் போய்ப் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. வழக்கம்போல ஒரு வாரம் ஓடியது, சனிக்கிழமைக் குளியலும் நடந்தது.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றாள், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு.

"கொஞ்சம் உடம்பு வச்சிருக்கேன்னு நெனைக்கிறேன். ஒரு தடவ அளந்து பாத்துடேன்."

"புதுத் துணி எடுத்திருக்கீங்களா?"

"இல்ல. எடுத்தா உதவுமேன்னு."

கிண்டல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன். தோள், முதுகு அகலம், கழுத்திலிருந்து இடுப்பு வரை. எதுவும் மாறவில்லை, நூலிழைகூட. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு?"

"சரியாப் பிடிபடல அக்கா. அப்படியே நில்லுங்க, இன்னொரு தடவ பாக்கறேன்."