தானா வரணும்

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், ஒரு ஆள் குனிந்து நிற்க மட்டுமே இடமுள்ள மோட்டார் அறைகளில் அவருடைய பகல் கழியும். அங்கே பேசத் துணை கிடையாது. இருந்தாலும் இரைச்சலில் கேட்காது. "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று மனைவி கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் வீட்டில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

நர்ஸான அவளுக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் இரண்டு வருட வேலை கிடைத்துக் அவள் கிளம்பிப் போனபோதுதான் அந்தக் குறை தெரிந்தது. விமான நிலையத்திலிருந்து திரும்பிய டாக்ஸியில் அவரும் ஐந்து வயது மகளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள்.

மகளை வாண்டு என்று கூப்பிடுவார்கள். அம்மாவிடம் ஓயாமல் பேசியவள். அப்பாவிடம் "பசிக்குது", "ஷூ கடிக்குது", அவ்வளவுதான். சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து அவளைக் கூட்டி வருவார். சாப்பிடுவார்கள். அவர் தட்டுகளைக் கழுவுவார், அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று துடைப்பாள். பிறகு ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்பில் அம்மா முகம் வரும். ஒரு ஞாயிறு அழைப்பு முடிந்து திரை இருண்ட பிறகும் வாண்டு நாற்காலியை விட்டு அசையவில்லை. என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. அவருடைய கம்பெனி ரிசப்ஷனில் இருக்கும் ஒரு அம்மாள் தன் பையனோடு விளையாடும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. தேடிப் பிடித்துத் திறந்தார். திரையில் ஒரு வாத்து நின்றது. பக்கத்தில் 'நட', 'திரும்பு', 'நில்' என்று வண்ணக் கட்டைகள். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோர்த்தால் வாத்து அதன்படி செய்யும்.

வாண்டுவுக்குப் பிடிபடவில்லை. அவர் எழுந்து கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"நான்தான் கம்ப்யூட்டர். நீ சொல்றத மட்டும் செய்வேன். சொல்லாதத செய்ய மாட்டேன்."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "நட."

நடந்தார். அலமாரி வரை போய் அதில் மோதியும் நிற்காமல் காலை மட்டும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா! போதும்!"

"போதும்னு ஒரு கட்டை கிடையாது."

"நில்லு! நில்லு!"

நின்றார். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. அம்மா போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அதன்பின் சாயங்காலங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. முதலில் அப்பா நடந்து பார்ப்பார், பிறகு வாத்து நடக்கும். வாத்துக்கு ஒரு லிஃப்ட் கட்டினார்கள். "கதவு மூடியிருந்தா மட்டும்தான் மேல போகணும். இல்லேன்னா வால் மாட்டிக்கும்" என்று அவர் சொன்னார். வால் மாட்டினால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். அவள் இன்னொன்று கேட்டாள். அதற்கும் சொன்னார். இவ்வளவு பேச்சு தனக்குள் எங்கே இருந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

ஒரு நாள் வாண்டு திரையின் ஒரு ஓரத்தில் வீடும் மறு ஓரத்தில் பெட்டியோடு ஒரு பெண்ணும் வரைந்தாள். யார் என்று அவர் கேட்கவில்லை. கட்டைகளைக் கோர்த்தார்கள். பொத்தானை அழுத்தியதும் பெண் விறுவிறுவென்று நடந்து வந்து வாசலில் நின்று, "வந்துட்டேன்" என்றாள். வாண்டு திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"ஏன் கண்ணு, நல்லாயில்லையா?"

"நாம சொல்றதால வராங்க. தானா வரணும்."

"கம்ப்யூட்டர் தானா எதுவும் செய்யாதும்மா."

"நிஜ அம்மா தானாத்தானே வருவாங்க?"

மறுநாள் அவர் ரிசப்ஷன் அம்மாளிடம் போய், தானாக வரவைக்க வழியுண்டா என்று கேட்டார். பகடை உருட்டுவதுபோல் ஏதோ ஒரு எண்ணைப் பொறுக்கித் தரும் கட்டை இருக்கிறது என்றார் அந்த அம்மாள். அதைச் சேர்த்தார். விழும் எண் எதுவோ அவ்வளவு நேரம் கழித்துத்தான் பெண் கிளம்புவாள்.

"எப்போ வருவாங்க?"

"எனக்கும் தெரியாது."

நிஜமாகவே அவருக்குத் தெரியாது. இருவரும் காலியான பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாண்டு அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். வரவில்லை. இன்னும் வரவில்லை. தாகமெடுத்து அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பெண் வந்து நின்றுவிட்டாள். ஓடி வந்து பார்த்த வாண்டு அழவில்லை. "அடுத்த தடவை எழுந்து போகவே மாட்டேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். தினமும் விளையாட்டின் கடைசியில் அதை ஓடவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அவரும் அதே மாதிரி உட்கார்ந்திருப்பார். மகளுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவரால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது.

இரண்டு வருடம் முடியும் சமயத்தில் வேலையை நீட்டித்துவிட்டார்கள் என்று மனைவி சொன்னாள். குடியிருக்க வீடும் கொடுத்திருந்தார்கள்.

"வாண்ட இங்க கூட்டிக்கறேங்க. ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு. நீங்களும் வந்துடுங்களேன்."

"வந்து என்ன பண்றது? என் லிஃப்ட் லைசென்ஸ் அங்க செல்லாதாமே."

"மறுபடி பரீட்சை எழுதலாமாம்."

"பாக்கலாம்."

கூட்டிப்போக மனைவி வந்தபோது வாண்டு அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா பேச ஆரம்பித்த பிறகுதான் தலையை நீட்டினாள். சாயங்காலத்துக்குள் அம்மா மடியில் இருந்தாள். அவர் சமையலறையில் நின்று அதைப் பார்த்தார், சந்தோஷமாகத்தான் இருந்தது. போகும்போது லேப்டாப்பை அவரே துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொடுத்தார்.

இப்போது ஃபோனில்தான் பேச்சு. வாண்டு தான் புதிதாகச் செய்ததைக் காட்டுவாள். அதில் பாதி வார்த்தைகள் அவருக்குத் தெரியாத மொழி.

"அப்பா, கேக்குறியா?"

"கேக்குறேன் கண்ணு, சொல்லு."

பரீட்சைக்கான புத்தகத்தை வாங்கினார். இரண்டு பாடம் படித்தார். அந்த மொழி வாயில் நுழையவில்லை. இன்னும் விட்டுவிடவும் இல்லை.

பேசிப் பழகிவிட்டதுதான் சிக்கல். பழுது பார்த்து முடித்ததும் லிஃப்டில் மேலும் கீழும் போய்ச் சோதிப்பார். யாராவது ஏறினால், பொத்தான் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், "எந்த மாடிங்க?" என்று கேட்பார். வெயில் அதிகம், இல்லையா என்பார். சிலர் ஆமாம் என்பார்கள். சிலர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போவார்கள்.