அக்கா மாட்டிய படங்கள்

நெய்யாற்றின்கரையில் அக்கா தன் ஓவியக் கண்காட்சிக்கு வாடகைக்கு எடுத்த அந்தச் சிறிய மண்டபத்தில், சுவரிலிருந்து படத்தை இறக்கியவை என் கைகள்தான். வேறு யாரோ செய்ததுபோலவே பல வருடங்கள் பேசியிருக்கிறேன். அக்கா அந்த ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுமுறை நாட்களில் வரைந்து பதினாறு படங்கள் சேர்த்திருந்தாள். பெரும்பாலும் பாறசாலைப் பக்கத்து எங்கள் சபையின் காட்சிகள்: செருப்புகள் குவிந்த ஆலய வாசல், பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொள்ளும் பெண்கள். கடைசிப் படத்தில் மட்டும் இரண்டு பெண்கள் முழங்காலிட்டு, ஆலயத்தில் திராட்சரசம் பகிரும் திருவிருந்துக் கிண்ணத்தைச் சேர்ந்து பிடித்திருந்தார்கள். மற்ற இரு கைகளும் கோத்திருந்தன. ஒரு முகம் அக்காவுடையது. மற்றது அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்த தோழியுடையது. ஊருக்கே தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அவள் சுவரில் மாட்டிவிட்டாள்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் சபையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். விசுவாசத்தை அசிங்கப்படுத்துகிறாள் என்று வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் கூச்சல். நான் அப்போது சபைச் செயலாளர். உள்ளே போய் மெதுவாகச் சொன்னேன்:

"அக்கா, அந்த ஒரு படத்த மட்டும் மாத்திரு. பாக்கி எல்லாம் இருக்கட்டு."

"அந்த ஒண்ணுக்கு வேண்டியாக்கும் மக்கா, பாக்கி எல்லாம் வரைஞ்சது."

குரலில் கோபமே இல்லை. நான் நாற்காலியில் ஏறினேன். அவள் தடுக்கவில்லை, நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் ஆலயத்துக்கு வந்தாள். திருவிருந்துக்கு அவள் முழங்காலிட்டதும் பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். போதகர் அவளுக்கும் கிண்ணத்தை நீட்டினார். நான் பெஞ்சை விட்டு எழுந்து அவள் பக்கத்தில் போகவில்லை. அதன்பின் அவள் வரவில்லை. தோழியோடு திருப்புறத்தில் வீடு பார்த்துப் போய்விட்டாள். போனில் நாங்கள் பேசியதெல்லாம் கல்யாணம், சாவு, சர்க்கரை அளவு.

சமீபத்தில் பாறசாலையில் ஒரு நூலகத்துப் பிள்ளைகள் அந்தப் பதினாறு படங்களையும் தங்கள் நூலகத்தில் மூன்று நாள் கண்காட்சியாக வைக்க வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். திருப்புறம் போய்ச் சொன்னேன். அக்காவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

"மூணு நாளு நின்னு, வாறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லணும். எனக்கு வய்ய மக்கா, முட்டு தாங்காது."

"நான் நிக்குதேன் அக்கா."

"அப்பம் நீ நில்லு. நான் பெஞ்சில இருந்துக்கிடுதேன்."

நூலகத்தில் கூச்சலை எதிர்பார்த்து நின்றேன். முதல் நாள் பத்துப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். இதற்காகவா அத்தனை வருடங்கள் பயந்தேன் என்று அலுப்பாக இருந்தது. மறுநாள் மதியம், அன்று வேனில் வந்தவர்களில் ஒருவர் தடியூன்றி வந்தார். கடைசிப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"செயலாளரே, இது யாரு?"

அவருக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்: "என் அக்காவும் அவளுக்க ஆளும் ஆக்கும்."

அவர் தலையசைத்துவிட்டு வெளியே போனார். அக்கா மூலைப் பெஞ்சில் தோழியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.