பொட்டாசியம் எட்டு தசம் ஒன்று

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் பயோகெமிஸ்டாகச் சேர்ந்து மூன்றாவது மாதம். சவளக்கடை ஊர் விவசாயி ஒருவரின் ரத்தத்தில் பொட்டாசியம் எட்டு தசம் ஒன்று என்று மெஷின் காட்டியது. அந்த அளவில் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். உடனே வார்டு டொக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

போனை வைத்த பிறகுதான் அடுத்த வரியைப் பார்த்தேன். கல்சியம் அநியாயத்துக்குக் குறைவு. அவ்வளவு குறைந்தால் ஆளுக்கு வலிப்பு வந்திருக்க வேண்டும். திரும்பவும் டொக்டரைப் பிடித்தேன்.

"டொக்டர், ஆள் எப்படி இரிக்கார்?"

"கட்டில்ல இருந்து கதைச்சிட்டிரிக்கார். ஈசிஜியும் நோர்மல். ஆனா எட்டு எண்டு நீங்கதானே சொன்னீங்க? பொட்டாசியத்த இறக்க இன்சுலின் ஏத்தப் போறம்."

"அந்த ரிசல்ட்ல எனக்கு நம்பிக்கை இல்ல. கொஞ்சம் பொறுங்க, புதுசா ரத்தம் எடுத்துப் பாக்கிறன்."

"நான் பொறுக்கலாம் மிஸ். அவர்ர இதயம் பொறுக்குமா?"

"மொனிட்டர்ல போட்டு வைங்க. அரை மணித்தியாலம் தாங்க" என்றேன்.

லேப்காரர் வார்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. நான் குழாய்களோடு ஓடினேன். விவசாயி சாவகாசமாகக் கேட்டார், "எனக்கு என்னவாம் மகள்? வயலுக்குத் தண்ணி பாய்ச்சோணும்."

ரத்தம் எடுத்துக்கொண்டே, காலையில் எப்படி எடுத்தீர்கள் என்று நர்ஸ் மாலதியிடம் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் உண்மை வந்திருக்காது.

"உங்கட குழாய்க்கு ரத்தம் காணல்ல மிஸ். ஊதா மூடிக் குழாய்க்குள்ள கூட இருந்திச்சு. அதில கொஞ்சத்த இதுக்குள்ள ஊத்தின நான்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொட்டாசிய உப்பு இருக்கும். அது கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது ரிசல்ட் நாலு தசம் மூன்று, சரியான அளவு. டொக்டருக்குப் போனில் சொல்லிவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று கதிரையில் சாய்ந்தேன். இல்லாத பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏற்றியிருந்தால், நல்லாயிருந்த மனிதர் உண்மையிலேயே விழுந்திருப்பார்.

மறுநாள் மற்ற நர்ஸ்மாருக்கு இதை விளக்கப் புறப்பட்டேன். மாலதியும் கூடவே வந்தார். "எப்படிப் பிழை வந்ததெண்டு நானே சொல்றன் மிஸ்" என்றார், சொல்லவும் செய்தார்.

போன வருஷம் பென்ஷனில் வந்துவிட்டேன். இந்த வேலைக்கு என்ன வேணும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கெமிஸ்ட்ரி வேணும், கணக்கு வேணும், கைப்பக்குவம் வேணும். எல்லாம் பழகினால் வரும். நாம் கொடுத்த ரிசல்டை நாமே பிழை என்று சொல்லப் போன் எடுக்கிற துணிவுதான் பழகினாலும் லேசில் வராது. கடைசி வருஷம் வரை எனக்குக் கை நடுங்கியது. நடுங்க நடுங்கத்தான் எடுத்தேன்.