ஜெயரூபியைச் சுட்ட வெயில்

ஜெயரூபி பளைக்கு அப்பால் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தாள். முழங்காலில் இருந்தபடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி முன்னேறுகிற வேலை. உடம்பில் கனமான கவச அங்கி, முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி. மலசலகூடத்துக்குப் போவதென்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெயிலுக்குள் வெகுதூரம் நடக்கவேண்டும். அதற்காகவே பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடித்தார்கள். அந்தச் சித்திரையில் அவளுக்கு வயிற்றோட்டமும் இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குக் கிட்டக் குழுத்தலைவி சுதர்சினி பார்த்தபோது, ஜெயரூபி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்தியிருந்தாள்.

"கண்ணாடியைப் போடு ஜெயரூபி!"

"பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேணும்."

அவளுடைய மகள் தனுஷா பத்தாம் வகுப்பில் படிக்கிறவள். சுதர்சினி ஓடிவந்து ஜெயரூபியின் கையைத் தொட்டாள். அடுப்பில் கிடந்த சட்டிபோலச் சுட்டது. வியர்வை இல்லை. கூடாரத்துக்குத் தூக்கிப் போய், அங்கியைக் கழற்றி, தண்ணீரை ஊற்றி ஊற்றி மட்டையால் விசிறினார்கள். அதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்துச் சூட்டை இறக்கினார்கள். மறுநாள் சிறுநீர் தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் சொட்டுச் சொட்டாகப் போனது. பிறகு அதுவும் நின்றது.

"சூட்டில தசை சிதைஞ்சு கிட்னியைப் பழுதாக்கிப் போட்டுது. ஈரலும் தாக்குப்பட்டிருக்கு," என்று டொக்டர் அவளது கணவன் குகதாசனிடம் சொன்னார். "மெசினால இரத்தத்தைச் சுத்திகரிச்சுக்கொண்டு வந்தால் கிட்னி தேறலாம். உறுதியாச் சொல்லேலாது."

ஜெயரூபி கண்களை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிக் கதைப்பதுபோல் இருந்தது.

கழுத்தில் குழாய் ஏற்றினார்கள். தன் இரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதை அவள் பார்த்துக்கொண்டு கிடந்தாள். குடிக்கிற தண்ணீரையும் அளந்தே கொடுத்தார்கள்.

"நோகுதோ?" குகதாசன் அவளது பாதத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"இல்லை."

அது பொய்யில்லை. பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒருநாள் காலை, கட்டிலில் தொங்கிய பையில் சலம் நிறைந்திருந்தது. "கிட்னி வேலை செய்யத் தொடங்கீட்டுது!" என்றாள் தாதி. குகதாசன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். ஜெயரூபி அவனது முதுகைப் பார்த்தாள். பிறகு தாதியிடம், "அப்ப இனித் தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்டாள்.

ஈரல் ஆறியது. அதன்பிறகு மெசின் தேவைப்படவில்லை. ஆனால் சிறுநீரகம் பழையபடி வரவில்லை. வெயிலில் வேலை செய்யக்கூடாது, கண்டபடி நோவுக்குளிசை போடக்கூடாது என்றார்கள். வேலையை விட்டுவிட்டாள். சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள்.

"அம்மா, ஏன் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?" என்று தனுஷா ஒருநாள் கேட்டாள்.

"என்னத்தைக் கதைக்கிறது? சாப்பிடு."

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இரத்த முடிவைப் பார்த்துவிட்டு, "மனம் எப்படி இருக்கு?" என்றார்.

அவள் கிளினிக் கொப்பியை எடுத்து மடியில் வைத்தாள்.

"சும்மா கிடக்கு டொக்டர்."

"அதையும் பார்க்கத்தான் வேணும். அடுத்த முறை உங்கட அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம்," என்றாள். பஸ்ஸால் இறங்கியபோது குகதாசன் குடையோடு நின்றான். அதை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி கூட நடந்தான்.